ஆ3 இருக்கை

ஆய்வின் ஆறு பிரதிகளும் சேர்ந்து கட்டைப்பையின் காதை அறுத்துவிடும்போல் கனத்தன. எழிலரசி பையைக் கீழே வைக்கவில்லை. மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் குழாய் உடைந்து இரண்டு நாளாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா எழிலு, மூட்ட முடிச்சோட கெளம்பிட்ட?"

பொன்னியம்மா சாலையைக் கடந்து வந்தாள். புடவைக்கு மேல் கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கும் வேலை. எழிலரசியின் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள்.

"இன்னிக்கு நேர்காணல்க்கா. சொன்னேனே."

"ஆமா, அந்த ஆராய்ச்சிப் பணம். என் சீட்டுங்கோ எல்லாம் அதுல கீதா?"

"சீட்டு இல்ல. உன் கதை இருக்கு. 'மனுதாரர் ஒருவர்'னு எழுதியிருக்கேன்."

"பேரு?"

"பேரு போடக் கூடாதுக்கா. வெளிய வந்தா உனக்குத்தான் ஆகாது."

"இப்ப மட்டும் ரொம்ப ஆயிகினு கீது." பொன்னியம்மா சிரித்தாள். "பதினோரு வாட்டி பேர எழுதிக் குடுத்தேன். அவனுங்க முழுங்கிட்டானுங்கோ. இப்ப நீயும் முழுங்கிட்ட. போ, கெலிச்சிகினு வா."

ஷேர் ஆட்டோ வந்தது. எழிலரசி பையை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

பொன்னியம்மா கேட்டது வீட்டுமனைப் பட்டா. நாலு வருடத்தில் பதினோரு மனு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். பதினொன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். பட்டா வரவில்லை. ஆனால் அரசாங்கக் கணக்கில் அந்தப் பதினொன்றும் தீர்க்கப்பட்ட மனுக்கள்.

எழிலரசியின் ஆய்வு அதைப் பற்றியதுதான். மாதக் கடைசியில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். நிலுவை பூஜ்யம் என்று காட்டியாக வேண்டும். அதனால் கடைசி நாளன்று மனுவை முடித்துவிடுவார்கள். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று சிவப்பு மையில் ஒரு வரி. அடுத்த மாதம் மனுதாரர் வந்து நிற்பார். புதிதாக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்பார்கள். புது எண் விழும். மறுபடியும் மாதக் கடைசி வரும்.

ஆட்டோ எஸ்டேட்டைத் தாண்டி வானகரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. வேலப்பன்சாவடியில் அவள் இறங்கியபோது மணி பத்தரை.

ஆட்சியியல் ஆய்வுப் பேரவை நெடுஞ்சாலையை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. இளம் ஆய்வாளர் நல்கை என்ற உதவித்தொகை வருடத்துக்கு ஐந்து பேருக்கு. இந்த முறை பன்னிரண்டு பேரை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். விண்ணப்பிக்கும் நாளில் முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. எழிலரசிக்குச் சனிக்கிழமை முப்பத்தைந்து. இன்று வியாழன்.

பாடம் நடத்தும் கல்லூரியில் அவளுக்கு ஒப்பந்த வேலை. நல்கை கொண்டுவருபவர்களின் ஒப்பந்தம்தான் ஜூனுக்குப் பிறகு நீளும் என்று முதல்வர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அதில் யார் பெயரும் இல்லை. பொது நிர்வாகத் துறையில் இருந்தது இரண்டு பேர். இன்னொருவருக்குப் போன வருடமே நல்கை கிடைத்துவிட்டது.

உதவியாளர் மோகனப்பிரியா சான்றிதழ்களைச் சரிபார்த்தாள். சின்னப் பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் எச்சில் தொட்டுப் புரட்டினாள். ஆறு பிரதிகளிலும் முத்திரை குத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளை நாடாவால் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"நாலாவது நீங்க. தலைவர் ரெண்டு மணிக்கு வருவார். அதுவரைக்கும் இங்கேயே உக்காந்திருங்க, எங்கயும் போயிடாதீங்க."

கட்டு உள்ளே போயிற்று. கை லேசாகிவிட்டது.

கூடத்தின் சுவரில் அறிவிப்புப் பலகை. நேர்காணல் விதிகள் பன்னிரண்டு. அதற்குக் கீழே குழுவினர் பெயர். தலைவர்: திரு. வீரராகவன், துணை ஆட்சியர், ஓய்வு. உறுப்பினர் செயலர்: திருமதி சுதா. இரண்டு பேராசிரியர்கள்.

எழிலரசி தாட்சாயிணிக்குப் போன் செய்தாள். இருவரும் இளங்கலையில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எழிலரசி மேலே படிக்கப் போனாள். தாட்சாயிணி தேர்வு எழுதி ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது உதவியாளர். தினமும் வேப்பம்பட்டிலிருந்து லோக்கலில் வந்து போகிறாள்.

"உள்ள குடுத்துட்டேன்டி. ரெண்டு மணிக்கு."

"யாரு யாரு கேக்கறாங்க?"

எழிலரசி பலகையைப் பார்த்துப் படித்தாள்.

"வீரராகவனா?"

"தெரியுமா?"

"தாசில்தாரா இங்கதான் இருந்தாரு. மூணு வருஷம். அப்புறம்தான் புரமோஷன்ல போனாரு." தாட்சாயிணி யாரிடமோ 'அப்புறம் வாங்க' என்றாள். நாற்காலி இழுபடும் சத்தம். குரல் தாழ்ந்தது. "எழில், என் பதிவேட்டப் போட்டியே, அது எந்த வருஷம்?"

எழிலரசி சொன்னாள்.

"அவரு காலம்."

"பேரெல்லாம் அழிச்சிட்டேன்டி. ஆபீஸ் பேர், மனுதாரர் பேர், உன் கையெழுத்து. எல்லாத்தையும் கறுப்பு மார்க்கர்ல அடிச்சு, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துத்தான் வச்சிருக்கேன். ஒண்ணும் தெரியாது."

"எனக்கு அனுப்பு அந்தப் பக்கத்த."

போனில் இருந்தது. அனுப்பினாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. தாட்சாயிணி தன் கையால் வரிசை வரிசையாக எழுதிய மூன்று பக்கம். ஆறு மாதம், இருநூற்றுப் பன்னிரண்டு மனு. மாதக் கடைசியில் முடிந்தவை, முதல் தேதிக்குப் பிறகு வேறு எண்ணில் திரும்பி வந்தவை. ஆய்வின் உயிரே அந்த மூன்று பக்கம்தான். அதை வெளியாருக்குக் காட்ட அனுமதி கிடையாது. ஒரு சனிக்கிழமை மதியம், ஆளில்லாத நேரத்தில், தாட்சாயிணி மேசைமேல் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். எழிலரசி போனில் எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி இருவரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இரண்டு நிமிடம் பதில் வரவில்லை. பிறகு போன் அடித்தது.

"நீ பொது நிர்வாகத்துலதானே டாக்டர் பட்டம் வாங்கின?"

"ஏண்டி?"

"எண்ணப் பாரு. ஒவ்வொரு வரியிலயும் எண்ணப் பாரு."

எழிலரசி படத்தைப் பெரிதாக்கினாள். 2217/ஆ3. 2218/ஆ3. 2219/ஆ3. இருநூற்றுப் பன்னிரண்டு வரியிலும் கடைசியில் ஆ3.

"ஆ-ங்கறது பிரிவு. மூணுங்கறது என் நாற்காலி. அந்த சீட்ட எனக்குப் போட்டதே அவருதான். இங்க எவனும் என்ன தாட்சாயிணின்னு கூப்பிட மாட்டான். 'ஆ3 வந்தாச்சா, ஆ3 டீ குடிச்சாச்சா'ன்னுதான் கேப்பானுங்க. பேர அழிச்சிருக்கா பேர! ஆபீஸ்ல பேரு எங்கடி இருக்கும்?"

எழிலரசி படத்தை இன்னும் பெரிதாக்கினாள். எட்டு வருடம் அலுவலகங்களைப் பற்றிப் படித்தவள். கோப்பு எண்ணின் அமைப்பு என்று ஓர் அத்தியாயமே எழுதியவள்.

"அவரு எப்படிப்பட்டவர்?"

"கெட்டவரு இல்ல. காசு தொடமாட்டாரு. ஆனா அந்த ஆறு மாசம் நிலுவை பூஜ்யம்னு கலெக்டர் கையால பாராட்டு வாங்கினவரு. சட்டம் போட்டு ரூம்ல மாட்டி வச்சிருந்தாரு. அந்தப் பூஜ்யம் எப்படி வந்துதுன்னு நீ அவருகிட்டயே கொண்டுபோய் நீட்டியிருக்க. என் கையெழுத்துல."

"தாட்சா..."

"அடுத்த மாசம் துணை தாசில்தார் பட்டியல். பதினொண்ணாவது இடத்துல கீறேன். பதிவேட்ட வெளிய விட்டான்னு ஒரு குறிப்பாணை வந்தா போதும். பட்டியல் இல்ல, சீட்டும் இல்ல." மூச்சு விட்டாள். "எம்பொண்ணு ஏழாவதுதான் படிச்சிக்கினு இருக்கா."

"எடுத்துடறேன். அந்தப் பக்கத்த எடுத்துடறேன்டி."

"எடு."

போன் வைக்கப்பட்டது. மணி பதினொன்று ஐம்பது.

மோகனப்பிரியா கணினியில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் கட்டுல மூணு பக்கம் மாத்தணும்."

"கட்டியாச்சே."

"அஞ்சு நிமிஷம் போதும். நானே பிரிச்சு, நானே கட்டித் தந்துடறேன்."

"முத்திரை போட்டா நான் தொட முடியாது மேடம். செயலர் ரூம்ல இருக்கு." அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. "ஒண்ணு பண்ணுங்க. ஒரு மனுவா எழுதிக் குடுங்க. நான் உள்ள வைக்கிறேன்."

எழிலரசி ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள். இணைப்பில் மூன்று பக்கங்களை நீக்க அனுமதி வேண்டி. மோகனப்பிரியா அதில் வரவு முத்திரை குத்தி, எண் போட்டு, உள்ளே கொண்டுபோனாள்.

கூடத்தில் மற்ற விண்ணப்பதாரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பையன் கழுத்துப்பட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். ஒருத்தி கண்ணை மூடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எழிலரசி உட்காரவில்லை.

பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு நாற்பது.

ஒரு மணிக்கு மோகனப்பிரியா மனுவோடு வந்தாள். ஓரத்தில் செயலரின் கையெழுத்து. அதற்கு மேல் இரண்டு வரி: 'மனுதாரர் இதை நேர்காணலின்போது தலைவரிடம் தெரிவித்துக்கொள்ளலாம். முடிக்கப்பட்டது.'

சிவப்பு மை.

எழிலரசி அதைப் படித்தாள். திரும்பப் படித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரமா முடிச்சுட்டீங்க."

"சுதா மேடம் எதையும் நிலுவைல வைக்க மாட்டாங்க," என்றாள் மோகனப்பிரியா பெருமையாக. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். "நீங்க சாப்பிட்டீங்களா? தயிர்சாதம் இருக்கு."

எழிலரசி தலையாட்டிவிட்டுப் பலகைக்குப் போனாள். பன்னிரண்டு விதிகளையும் முதலிலிருந்து படித்தாள். ஒன்பதாவதில் விரல் நின்றது.

'தலைவர் கோப்பைத் திறக்கும் முன் விண்ணப்பதாரர் எழுத்து மூலம் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அனைத்துப் பிரதிகளும் திருப்பி அளிக்கப்படும். திறந்த பின் அவை பேரவையின் உடைமை.'

மூன்று பக்கத்தைத் தரமாட்டார்கள். ஆனால் கேட்டால் முழுவதையும் தந்துவிடுவார்கள்.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு பிரதியும் தொண்ணூற்றாறு பக்கம். பன்னிரண்டு பேர். ஆளுக்குக் கால் மணி நேரம். ஓய்வுபெற்ற ஒரு மனிதர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறார். நாற்பத்தொன்றாம் பக்கம் வரை புரட்டுவாரா? புரட்டினாலும் எண்ணைப் பார்ப்பாரா? பார்த்தாலும்...

தாட்சாயிணியிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'எடுத்துட்டியா?'

பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள்.

ஒன்று நாற்பதுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் பழைய தோல் பை. லிஃப்ட் இருந்தும் படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கவில்லை. கூடத்தில் எல்லோரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. நான் ஒண்ணும் இன்னும் தாசில்தார் இல்லை." சிலர் சிரித்தார்கள். அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போனது. "இதுல எழிலரசிங்கறது யாரு?"

"நான் சார்."

"சுருக்கம் படிச்சேன். தீர்க்கப்பட்ட மனுக்கள். நல்ல தலைப்பு." அவர் அருகில் வந்தார். "இந்த விஷயத்த வெளியிலேர்ந்து யாரும் எழுதினதில்லை. உள்ள இருந்தவங்களும் பேசமாட்டாங்க. நானும் பேசினதில்லைன்னு வச்சுக்குங்களேன். ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா பேச்சா?"

"இணைப்புல இருக்கு சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லது. நான் எப்பவும் இணைப்பைத்தான் முதல்ல பார்ப்பேன். பழக்கம் அப்படி." அவர் உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

எழிலரசி மோகனப்பிரியாவிடம் போய் இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டாள். எழுத்து நேராக வருவதற்காக மெதுவாக எழுதினாள். விதி ஒன்பதின்படி. மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை. நாலாவது ஆள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஏதாவது தோன்றலாம்.

மணி அடித்தது. மோகனப்பிரியா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"முதல் மூணு பேர்ல ரெண்டு பேர் இன்னும் வரலை. மூணாவது ஆளோட சான்றிதழ்ல ஏதோ சிக்கல். எழிலரசி மேடம், நீங்க வாங்க."

அறையில் நீள மேசை. நடுவில் வீரராகவன். வலப்பக்கம் சுதா, மூக்கின் நுனியில் கண்ணாடி. இடப்பக்கம் இரண்டு பேராசிரியர்கள், அவர்களுக்கு முன்னால் முந்திரி பிஸ்கட். மேசை மேல் கட்டுகள் வரிசையாக இருந்தன. அவளுடைய கட்டு ஏற்கெனவே அவருக்கு எதிரே வந்துவிட்டது. அவர் நகத்தால் முடிச்சைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. யாருங்க இதைக் கட்டினது, மாட்டைக் கட்டற மாதிரி?"

முடிச்சின் ஒரு கண் தளர்ந்தது. அவர் விரலை உள்ளே விட்டார்.

"சார், அவிழ்க்காதீங்க."

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. பிஸ்கட் எடுத்த பேராசிரியர் கையை நிறுத்தினார்.

"என்னம்மா?"

அவள் தாளை நீட்டினாள். "விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கறேன் சார். விதி ஒன்பது."

அவர் தாளை வாங்கவில்லை. விரலும் நாடாவிலிருந்து வெளியே வரவில்லை. சுதாதான் வாங்கிப் படித்தார்.

"மூணு பக்கம் எடுக்கணும்னு எழுதிக் குடுத்தீங்களே, அதுக்காகவா?" என்றார் சுதா. "அதைத் தலைவர்கிட்ட சொல்லிக்கலாம்னு எழுதி முடிச்சேனே."

"ஆமா மேடம். முடிச்சிருந்தீங்க."

"எந்தப் பக்கம்?" என்றார் வீரராகவன். "சொல்லுங்க, அதை விட்டுட்டுப் படிக்கிறோம்."

"சொன்னா அதைத்தான் சார் முதல்ல படிப்பீங்க."

ஒரு பேராசிரியர் சிரித்துவிட்டார். வீரராகவன் சிரிக்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார். பிறகு கட்டைப் பார்த்தார். மேல் அட்டையில் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"சுருக்கத்துல எந்த ஆபீஸ்னு நீங்க எழுதலை."

"இல்ல சார்."

"எந்த வருஷம்னும் எழுதலை."

மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"நான் இந்தப் பக்கம் ஒரு ஆபீஸ்ல மூணு வருஷம் இருந்தேன்," என்றார் அவர். சொல்லிவிட்டு நிறுத்தினார். நாடாவுக்குள் இருந்த விரல் லேசாக அசைந்தது. இன்னும் ஒரு இழுப்புதான்.

"உங்களுக்கு வயசு என்ன?"

"சனிக்கிழமை முப்பத்தஞ்சு."

"அப்ப அடுத்த வருஷம் கிடையாது."

"கிடையாது சார்."

"இதைத் திறந்தா உங்களுக்குக் கிடைக்கும்னு நான் நினைக்கிறேன். நான் இதச் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன்."

அவள் விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள். ஜூன் மாதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வகுப்பறை, வருகைப் பதிவேடு, எஸ்டேட்டில் லேத் ஓட்டும் கணவன் அசோக் ஒவ்வோர் இரவும் கேட்காமல் விடும் கேள்வி.

"வேணாம் சார். கட்டைக் குடுத்துடுங்க."

சுதா கண்ணாடியைக் கழற்றினார். "விதிப்படி குடுத்துத்தான் ஆகணும் சார். இன்னும் திறக்கலை."

வீரராகவன் சுதாவைப் பார்த்தார். பிறகு விரலை வெளியே எடுத்தார். தளர்ந்த முடிச்சை அவரே மறுபடி இறுக்கினார். கட்டை மேசை மேல் அவள் பக்கம் தள்ளினார். கட்டு பாதி தூரம் வந்து நின்றது. மீதித் தூரத்துக்கு அவள் எழுந்து எட்டி எடுக்க வேண்டியிருந்தது.

"போயிட்டு வாங்க," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் எழிலரசி சுவரில் சாய்ந்து நின்றாள். மோகனப்பிரியா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவமே, ஏன் மேடம்? ஒரு மூணு பக்கத்துக்காகவா?" அவள் கேட்டுவிட்டு, பேனாவால் தலையைச் சொறிந்தாள். "ஒண்ணு பண்ணலாம். இந்த விண்ணப்பத்த 'முடிக்கப்பட்டது'ன்னு முடிச்சுடறேன். நீங்க அந்தப் பக்கம் இல்லாம புதுசா ஒண்ணு குடுங்க. இன்னிக்குத் தேதியிலயே புது நம்பர் போட்டுடறேன். உங்களுக்கு இன்னும் வயசு தாண்டலைல்ல?"

"அழைப்பு முடிஞ்சிடுச்சே."

"அடுத்த அழைப்புல சேர்த்துப்பாங்க. வரவு தேதி இன்னிக்குத்தானே? அப்படித்தான் நினைக்கிறேன். நாங்க எப்பவும் இப்படித்தான் பண்ணுவோம் மேடம். கணக்கும் சரியாயிடும், ஆளுக்கும் பிரச்சினை இருக்காது."

"எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

"நிறைய பேருக்கு."

"அதுல எத்தனை பேருக்குக் கிடைச்சுது?"

மோகனப்பிரியா யோசித்தாள். "அது என் சீட்டுல இல்ல மேடம்."

எழிலரசிக்கு அந்த எண்ணிக்கை தெரியும். பேரவையின் கணக்கு தெரியாது. ஆனால் நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் அவளே கூட்டிப் போட்டிருக்கிறாள். புது எண்ணில் திரும்பிய இருநூற்றுப் பன்னிரண்டு மனுவில் கேட்டது கிடைத்தது ஒன்பது பேருக்கு.

"எத்தனை மணி வரைக்கும் வாங்குவீங்க?"

"அஞ்சே முக்கால்."

எதிர்ப்புறம் கல்லூரிப் பிள்ளைகளுக்கான ஜெராக்ஸ் கடை இருந்தது. எழிலரசி கட்டைப் பிரித்து ஆறு பிரதிகளிலிருந்தும் அந்த மூன்று பக்கங்களையும் கிழித்தாள். பதினெட்டுத் தாள். அவற்றை நாலாகக் கிழித்துப் பையின் அடியில் போட்டாள். பதிவேட்டை வைத்துப் போட்ட மூன்று அட்டவணைகளும் போக வேண்டியிருந்தது. அவை போனதும் ஆய்வில் எலும்பு இல்லாததுபோல் ஆயிற்று. போனில் தேடினாள். ஜனவரியில் எடுத்த படங்கள். பொன்னியம்மாவின் பதினோரு சீட்டு. தேதி, எண், வட்ட முத்திரை. திங்கட்கிழமை மனு வாங்கும் முகாமில் கொடுக்கும் சீட்டு. இருக்கை எண் எதுவும் அதில் இல்லை.

பொன்னியம்மாவை அழைத்தாள். மூன்றாவது முறை எடுத்தாள்.

"இன்னாடி, டூட்டி டைம்ல?"

"அக்கா, உன் சீட்டப் போட்டுக்கட்டா?"

"காலைல வாணான்னியே."

"இப்ப வேணும். பேரு தெரியும்க்கா. அதையும் மறைக்கணுமான்னு நீயே சொல்லு."

"எதுக்கு மறைக்கணும்? என் பேருதான். நான் கேட்டது என் பட்டாதான். போடு." பின்னால் யாரோ கத்தினார்கள். "த, வர்றேன்! எழிலு, பேர ஒழுங்கா போடு. பொ. பொன்னியம்மா. இனிஷியல் உட்டுட்டானுங்கன்னுதான் நாலாவது மனு திரும்பி வந்துச்சு."

இரண்டு தாளில் பதினோரு சீட்டு. ஒரு பெண், ஒரு பட்டா, நாலு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு இருந்த இடத்தில் ஒன்று. ஐந்தரைக்கு அவள் மறுபடி இரண்டாவது மாடி ஏறினாள். மோகனப்பிரியா முத்திரை குத்தி, புது எண் போட்டு, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். உள்ளங்கை அகலச் சீட்டு.

ஆட்டோவில் தாட்சாயிணியின் அழைப்பு வந்தது. ரயிலின் இரைச்சல்.

"உள்ள போனியா?"

"போனேன். திறக்கறதுக்கு முன்ன வாங்கிட்டு வந்துட்டேன்."

"எத?"

"முழுசையும்."

பட்டாபிராம் வருகிறது என்று அறிவிப்பு கேட்டது. யாரோ மல்லி விற்றார்கள்.

"அவரு எதுனா கேட்டாரா?"

"வருஷம் கேட்டார். நான் சொல்லல."

"கண்டுபுடிச்சிருப்பாரு."

"இருக்கலாம். கையில தாள் இல்ல."

ரயில் நகரத் தொடங்கியது.

"எனக்கு இன்னும் கோவம் போவல," என்றாள் தாட்சாயிணி.

"தெரியும்."

"நாளைக்குப் பேசறேன்." வைத்துவிட்டாள்.

மண்ணூர்பேட்டையில் உடைந்த குழாயை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. பொன்னியம்மா வேலை முடிந்து வந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நீலச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தாள்.

"கெலிச்சியா?"

எழிலரசி பையைத் துழாவிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். பொன்னியம்மா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"உனுக்கும் குடுத்துட்டானுங்களா?" என்றாள்.

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, பஸ் பாஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து பாஸை உருவினாள். உறையில் சீட்டை நுழைத்து எழிலரசியின் கையில் வைத்தாள்.

"கைல வேர்வ பட்டா மை கலைஞ்சிரும். என் மொத சீட்டு அப்படித்தான் போச்சி, நம்பரே தெரியல. எல்லா வாட்டியும் மொதல்ல நம்பரத்தான் கேப்பானுங்கோ."

எழிலரசி உறையைப் பைக்குள் போட்டாள். பிறகு எடுத்து, எண்ணை ஒருமுறை பார்த்து, மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பதினேழு. சாய்கோடு. ந2. ந2 யார் என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

இருவரும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் நடந்தார்கள்.